ஒரு வெள்ளைத் துணி, ஒரு புரொஜெக்டர், 30,000 ரிங்கிட்

சனிக்கிழமை இரவு ஒரு மண்டபத்தில் வெள்ளைத் துணியைக் கட்டி, இரவல் புரொஜெக்டரைப் பொருத்தி, அக்கம்பக்கத்தாரைக் கூட்டி ஓர் உள்ளூர் ஆவணப்படத்தைப் போட்டுக் காட்ட எவ்வளவு செலவாகும்? மண்டப வாடகை, ஒலிபெருக்கி, தேநீர், வடை எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு வெள்ளியில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் படம் தணிக்கை வாரியத்தின் அங்கீகாரம் பெறாத படமாக இருந்தால் கணக்கு வேறு. 2002ஆம் ஆண்டு திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 6ஆவது பிரிவின்படி அபராதம் 5,000 ரிங்கிட்டில் தொடங்கி 30,000 ரிங்கிட் வரை போகும். அத்துடன் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும், ஐயாயிரம் பேர் பார்த்தாலும் ஐம்பது பேர் பார்த்தாலும், அந்தப் பிரிவுக்கு எல்லாம் ஒன்றுதான். பெரிய வெளியீட்டு நிறுவனங்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. அவை எப்படியும் தணிக்கைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இந்தச் சட்டத்தின் முழு எடையையும் தோளில் சுமப்பவர்கள் தனித்தியங்கும் கலைஞர்கள். சொந்தக் காசில் கேமராவை வாடகைக்கு எடுத்து, நண்பர்களை நடிக்க வைத்து, எடுத்த படத்தைத் தாங்களே ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். பகலில் விளம்பர வடிவமைப்போ திருமண வீடியோவோ செய்து சம்பாதிப்பதை இரவில் இதற்குச் செலவழிப்பவர்களும் அவர்களில் உண்டு.

இந்தப் பிரிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதைத் தமிழர்கள் நன்றாக அறிவார்கள். 2013 ஜூலை 3ஆம் தேதி கோலாலம்பூர் சிலாங்கூர் சீன அசெம்பிளி மண்டபத்தில் 'நோ ஃபயர் ஸோன்' என்ற ஆவணப்படம் திரையிடப்பட்டது. இலங்கைப் போரின் இறுதி மாதங்களில் தமிழர்களுக்கு நேர்ந்ததைப் பற்றி பிரிட்டிஷ் இயக்குநர் கேலம் மெக்ரே எடுத்த படம் அது. இலங்கைத் தூதரகம் திரையீட்டுக்கு முன்பே ஆட்சேபம் தெரிவித்திருந்தது. படம் ஓடிக்கொண்டிருந்த இரவில் உள்துறை அமைச்சின் அதிகாரிகள் மண்டபத்துக்கு வந்தார்கள். ஏற்பாட்டாளர்களான பூசாட் கோமாஸ் அமைப்பைச் சேர்ந்த மூவர் கைதாகி விடுவிக்கப்பட்டனர். பிறகு அவர்களில் ஒருவர் மீது மட்டும் வழக்கு பதிவானது. அவர்தான் லீனா ஹென்றி.

அந்த வழக்கு ஓடிய விதத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. சட்டப் பிரிவே அரசமைப்புக்கு முரணானது என்ற வாதம் கூட்டரசு நீதிமன்றம் வரை போய் 2015இல் தோற்றது. 2016 மார்ச்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், எதிர்வாதம் செய்ய அழைக்கும் அளவுக்கு வழக்கு நிறுவப்படவில்லை என்று அவரை விடுவித்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உயர்நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தது. 2017 பிப்ரவரியில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, மார்ச்சில் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. ஒரே ஒரு திரையீட்டுக்காக மூன்றரை ஆண்டுக்கு மேல் நீதிமன்றப் படிக்கட்டு ஏறி இறங்கியிருக்கிறார் ஒரு பெண். பத்தாயிரத்தை நாலு பேரிடம் வசூல் செய்து கட்டிவிடலாம். இழந்த மூன்றரை ஆண்டுகளை யாரிடம் வசூலிப்பது? அடுத்து ஒரு திரையீட்டை ஏற்பாடு செய்ய நினைக்கும் இளைஞருக்கு அந்த ஆண்டுகள்தான் மனதில் நிற்கும், அபராதத் தொகை அல்ல.

இதில் கசப்பான ஒன்றும் உண்டு. அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். வீட்டில் கைப்பேசியில் தனித்தனியாகப் பார்த்தவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரு மண்டபத்தில் கூடி உட்கார்ந்து பார்த்ததுதான் வழக்கானது. அதிகாரத்தைச் சங்கடப்படுத்தியது படத்தை விடக் கூட்டமோ என்று தோன்றுகிறது. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசத் தொடங்குகிறோமே, அந்தப் பேச்சு.

இந்தச் சந்தேகத்துக்கு வரலாற்றிலும் இடமிருக்கிறது. மலாயாவின் தோட்டங்களுக்குத் திரை புதியதல்ல. மலாயன் ஃபிலிம் யூனிட் 1946இல் தொடங்கப்பட்டது. 1948இல் அவசரகாலம் வந்த பிறகு, அரசாங்கத்தின் நடமாடும் பட வண்டிகள் கம்போங்கள், புதுக்கிராமங்கள், தோட்டங்கள் என்று சுற்றின. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளிலும் விளக்கம் ஓடியது. கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொடுக்காதே, தகவல் தெரிந்தால் சொல், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள் என்பவைதான் அந்தப் படங்களின் சாரம். மக்கள் மனதை ஒரு வெள்ளைத் துணியால் திருப்ப முடியும் என்று முதலில் நம்பியது அரசாங்கமே. தணிக்கைச் சட்டத்தின் முந்தைய வடிவம் 1952இல், அவசரகாலத்தின் நடுவே வந்தது. இன்றுள்ள 2002ஆம் ஆண்டுச் சட்டம் அதன் வாரிசு.

அரசாங்கப் படம் ஒரு பக்கம் இருக்க, தோட்டத் திடலில் ஓடிய தமிழ்ப் படங்களின் கதை வேறு. மாலையிலேயே பாயையும் சாக்கையும் போட்டு இடம் பிடித்தவர்களை இன்றும் பல குடும்பங்களில் காணலாம். துணியின் மறுபக்கம் உட்கார்ந்து எழுத்தை இடவலம் மாறிப் பார்த்தவர்களும் இருப்பார்கள். ரீல் மாற்றும் இடைவெளியில் கச்சான் விற்றவர், மழை வந்ததும் புரொஜெக்டரைச் சாக்கால் மூடியவர் என்று ஒரு தலைமுறையின் நினைவில் திரை என்பது நாலு சுவருக்குள் இருந்ததில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்கள் இடிந்தபோது திடலும் போயிற்று. தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் அங்கிருந்து அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். அங்கே ஆளுக்கொரு தொலைக்காட்சி இருந்தது, ஆனால் எல்லாரும் கூடிப் பார்க்கும் திரை இல்லை.

அந்த வெளியேற்றத்தின் கதையைச் சொன்ன படம் 'ஜகாட்'. ஷான்ஜே குமார் பெருமாள் இயக்கிய இப்படம் 2015 டிசம்பரில் வெளியானது. தலைப்பே 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல் தமிழர் வாயில் திரிந்த வடிவம். தொண்ணூறுகளின் தொடக்கம், தோட்டத்தை விட்டு வந்த ஒரு குடும்பம், அப்போய் என்ற 12 வயதுப் பையன், அவனைச் சுற்றி அடிதடியும் குண்டர் கும்பலும். இதே மண்ணில் எடுத்த இன்னொரு படம் தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை'. 2005இல் வந்த அது, அறுபதுகளின் ரப்பர் தோட்டத்தில் மேற்படிப்புக்கு ஆசைப்படும் ஒரு பெண்ணின் கதை. இரண்டுக்கும் இடையே பத்து ஆண்டுகள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், தோட்டத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்துவைத்த கதவும் அதே பிள்ளையின் பிள்ளைக்கு மூடிய கதவும் தெரியும்.

ஆனால் இவற்றை யார் பார்த்தார்கள்? இங்கேதான் சமூகத் திரையீடுகளின் தேவை புரியும். ஒரு மலேசியத் தமிழ்ப் படம் பேரங்காடித் திரையரங்குக்குப் போனால், தமிழ்நாட்டுப் பெரிய நடிகரின் படத்தோடும் ஹாலிவுட்டோடும் திரைக்குப் போட்டி போட வேண்டும். உள்ளூர்ப் படங்களுக்குக் குறிப்பிட்ட நாள் ஓட்டத்தை உறுதி செய்யும் பினாஸின் கட்டாயத் திரையீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆனால் மலாய் வசனம் போதிய அளவு இல்லாத படத்தை 'உள்ளூர்ப் படம்' என்றே ஏற்காத காலமும் இருந்தது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்கியபோது கலையுலகில் பெரும் கண்டனம் கிளம்பியது. ஒளிப்பதிவாளர் மொஹமட் நோர் காசிம் தாம் பெற்ற விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் மலாய்க் கலைஞர்கள் என்பதைத் தமிழ்ச் சமூகம் மறக்கக் கூடாது. பிறகு விதி மாறியது. சிறந்த மலேசியப் படமாக 'ஜகாட்' தேர்வானது.

விருது கிடைத்தது நல்லதுதான். ஆனால் விருது படத்தைச் சித்தியவானில் உள்ள ஒரு தோட்டத்துக்கோ கோல சிலாங்கூரின் உள்பகுதிக்கோ கொண்டுபோய்ச் சேர்க்காது. பேரங்காடிக்குப் போய் நாலு பேர் கொண்ட குடும்பம் படம் பார்த்துச் சாப்பிட்டு வர நூறு வெள்ளிக்கு மேல் ஆகும். பேருந்து இல்லாத ஊரில் கார் வேண்டும். தோட்டத்தை இழந்தவர்களின் கதை, தோட்டத்தை இழந்தவர்களுக்கே எட்டாத இடத்தில் ஓடுகிறது. கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளித் திடலிலோ ஒரு கலைஞர் துணி கட்டினால், அன்று ஓர் இரவுக்காவது அந்தத் தூரம் இல்லாமல் போகிறது.

அப்படிப்பட்ட இரவுகளில் படத்தை விடப் படத்துக்குப் பின் நடப்பதுதான் கனமானது. 'இப்படியா பால் வெட்டுவாங்க? கத்திய பிடிக்கவே தெரியல' என்று ஒரு பாட்டி தொடங்கினால் போதும். பெரட்டுக் களத்தில் எத்தனை மணிக்கு நின்றார்கள், கங்காணி என்ன சொன்னார், லயத்தை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்த நாளில் என்ன நடந்தது என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். பேரப்பிள்ளைகள் முதல் முறையாகக் கேட்பார்கள். வீட்டில் கேட்டால் 'அதெல்லாம் எதுக்கு இப்ப' என்று முடித்துவிடுகிற அதே பாட்டிதான். திரையில் வேறொருவர் கதையாக வந்த பிறகு தன் கதையைச் சொல்லக் கூச்சம் இருப்பதில்லை. விவரமறிந்த கலைஞர்கள் அந்தப் பேச்சைப் பதிவு செய்து அடுத்த படத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது தனி விஷயம். பெரியவர் அழுகிற நேரத்தில் கைப்பேசியை முகத்தின் முன் நீட்டுவது அநாகரிகம்.

தமிழர் அல்லாத கலைஞர்களிடமிருந்தும் இதில் கற்க வேண்டியது உண்டு. வடிவமைப்பாளர் ஃபாமி ரேசா 2007இல் 'செபுலூ தாஹுன் செபெலும் மெர்டேக்கா' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். சுதந்திரத்துக்குப் பத்தாண்டு முன்பு, 1947 அக்டோபர் 20ஆம் தேதி மலாயா முழுவதும் கடையடைப்பு நடத்திய புத்ரா - ஏ.எம்.சி.ஜே.ஏ கூட்டணியைப் பற்றிய படம். எல்லா இனத்தவரும் சேர்ந்து எழுதிய மக்கள் அரசமைப்பு முன்மொழிவு அந்தக் கூட்டணியினுடையது. அந்த ஏ.எம்.சி.ஜே.ஏவில் ம.இ.கா.வும் இருந்தது என்பது பல தமிழர்களுக்கே செய்தி. ஜான் திவி தலைமையில் தொடங்கிய கட்சி அது. ஃபாமி தம் படத்தை அலமாரியில் பூட்டி வைக்கவில்லை. இலவசமாகப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார். தாமே இடம் இடமாகக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டிப் பேசினார். பின்னாளில் கேலிச்சித்திரங்களுக்காக நீதிமன்றம் சென்றவர் என்றே பலர் அவரை அறிவார்கள். ஆனால் பாடநூலில் சுருங்கிக் கிடந்த ஒரு நாளை மாணவர்கள் வாயில் மீண்டும் புழங்க வைத்தது அந்தச் சிறிய படம்.

பூசாட் கோமாஸ் 2003இல் தொடங்கிய ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் இத்தகைய படங்களுக்கு ஒரு முகவரி கொடுத்தது. கோலாலம்பூரோடு நிற்காமல் பினாங்கு, ஜொகூர் பாரு என்று வெளியூர்களுக்கும் போனது. 2014இல் டான் பின் பின் எடுத்த 'டு சிங்கப்பூர், வித் லவ்' படத்துக்குச் சிங்கப்பூரில் பொதுத் திரையீட்டு அனுமதி மறுக்கப்பட்டது. அதைப் பார்க்க நூற்றுக்கணக்கான சிங்கப்பூரர்கள் பாலம் கடந்து ஜொகூர் பாருவுக்கு வந்தார்கள். நாடு கடந்து வாழும் அரசியல் தஞ்சக்காரர்களைப் பற்றிய படத்தைப் பார்க்க, பார்வையாளர்களும் சில மணி நேரம் நாடு கடந்தார்கள். இங்கே தடையான படத்தை அங்கேயும் அங்கே தடையான படத்தை இங்கேயும் போய்ப் பார்க்கிற அவலத்தில் இரு நாட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

2021இல் இன்னொரு திருப்பம். போலீஸ் காவலில் பதின்ம வயதினர் அனுபவித்ததாகச் சொல்லப்பட்ட சித்திரவதையை அடிப்படையாகக் கொண்டு, கார்ட்டூனிஸ்ட் அமின் லண்டாக்குடன் சேர்ந்து ஃப்ரீடம் ஃபிலிம் நெட்வொர்க் ஒரு குறும் அனிமேஷன் வெளியிட்டது. போலீசார் அமைப்பின் அலுவலகத்திலும் கலைஞரின் வீட்டிலும் சோதனை நடத்தினர், விசாரணைக்கு அழைத்தனர். காவல் மரணம் என்ற பேச்சு வந்தாலே இந்தியக் குடும்பங்களின் பெயர்கள் நினைவுக்கு வரும் நாடு இது. அந்தப் பொருளை ஒரு மலாய்க் கலைஞர் கையில் எடுத்ததும், அதற்காக அவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டதும் தமிழ் ஏடுகளில் இன்னும் அதிகமாகப் பேசப்பட்டிருக்க வேண்டியவை.

தணிக்கையே கூடாது என்று இந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் சொல்ல மாட்டார்கள். பல இனம், பல மதம் வாழும் நாட்டில் ஒரு படம் பகையைத் தூண்டினால் யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானதே. கோயில்கள் உடைபட்ட காலத்தைக் கண்டவர்களுக்கு அந்த அச்சம் புத்தகத்தில் படித்தது அல்ல. ஆனால் பகையைத் தூண்டுவதைக் கேட்க நாட்டில் வேறு சட்டங்கள் போதுமான அளவு இருக்கின்றன. 6ஆவது பிரிவு படத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை, முத்திரை இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. தோட்டப் பாட்டியின் நேர்காணலும் வெறுப்புப் பிரசாரமும் அதன் முன் ஒரே வரிசையில் நிற்கின்றன. கட்டணமில்லாத, சிறு எண்ணிக்கையிலான சமூகத் திரையீடுகளுக்கு அறிவிப்பு கொடுத்தால் போதும் என்று ஒரு விலக்கைச் சேர்ப்பது பெரிய சட்டப் புரட்சி ஆகாது. நாடாளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் எழுப்பக்கூடிய கேள்வி இது. தீபாவளிக்கு முன் தமிழ்நாட்டு நட்சத்திரங்களை வரவழைப்பதில் காட்டும் சுறுசுறுப்பில் கால்வாசி போதும்.

ஏற்பாட்டாளர்கள் பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. சமூகத் திரையீடு என்ற பெயரில் நடப்பவற்றில் பல, பெட்டாலிங் ஜெயாவிலும் ஜார்ஜ்டவுனிலும் குளிரூட்டிய அறையில், ஆங்கிலத்தில் பேசி முடிகின்றன. வருகிற நாற்பது பேரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். படத்தில் வரும் தோட்டத்துக்கு அதன் பிரதி ஒருமுறைகூடப் போவதில்லை. தோட்டத்துக்குப் போனாலோ வேறு தொல்லை. மண்டபம் தருகிறவர் தலைவரை அழைக்கச் சொல்வார். தலைவர் வந்தால் மாலை, பொன்னாடை, நாற்பது நிமிட உரை. எட்டு மணிக்குப் போட வேண்டிய படம் ஒன்பதரைக்குத் தொடங்கும். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பாதியில் எழுந்து போவார்கள். கலந்துரையாடலுக்கு மிஞ்சுவது ஏற்பாட்டாளர்கள் மட்டும். சொற்பொழிவைப் படத்துக்குப் பிறகு வைத்தால் தலைவர்களே சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொள்வார்கள்.

பெண்கள் எப்படி வீடு திரும்புவார்கள் என்பதை முன்கூட்டியே யோசிக்கும் ஏற்பாட்டாளர்கள் இன்னும் குறைவு. பள்ளி வேனைப் பேசி வைத்தால் கூட்டத்தில் பாதி பெண்களாக இருப்பார்கள். இல்லையென்றால் முன்வரிசையில் ஆண்களும் பின்னால் நிற்கும் இளவட்டங்களும்தான். பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி பெண்கள். அவர்கள் வராத இரவில் தோட்டக் கதையைத் திருத்த ஆளிருக்காது.

உடனே செய்யக்கூடியது எது என்று கேட்டால், தணிக்கை முத்திரை பெற்ற உள்ளூர்த் தமிழ்ப் படங்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம். திரையரங்கில் ஓடிய 'ஜகாட்' போன்ற படங்களுக்குத் தயாரிப்பாளரின் சம்மதம் கேட்பதும், மண்டபத்தின் உரிமத்தை நகராண்மைக் கழகத்தில் உறுதி செய்வதும் முடியாத காரியங்கள் அல்ல. தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கு ஒரு விருந்தைக் குறைத்துக்கொண்டால் இரண்டு திரையீடுகளுக்குப் பணம் தேறும். முத்திரை இல்லாத குறும்படங்களையும் மாணவர் எடுத்த ஆவணப்படங்களையும் வாரியத்துக்கு அனுப்பத் தனி ஆளாக ஒரு கலைஞரால் முடியாது. எழுத்தாளர் சங்கமோ ஆலய நிர்வாகமோ மொத்தமாகப் பொறுப்பெடுத்தால் முடியும்.

அதுவரை அந்தப் படங்கள் ஹார்ட் டிஸ்கிலும் பென்டிரைவிலும் கிடக்கும். கலைஞர்கள் வீட்டு அலமாரியில் அவை பத்திரமாக இருக்கும் என்று நினைத்தால் அதுவும் முழு உண்மை அல்ல. 6ஆவது பிரிவு திரையிடுவதை மட்டும் தடுக்கவில்லை. அங்கீகாரம் பெறாத படத்தைத் தயாரிப்பதும் கைவசம் வைத்திருப்பதும்கூட அதே பிரிவின் கீழ்தான் வருகின்றன, தண்டனையும் அதேதான்.